கீல் பூசிய துத்தநாகம்

கனிசியஸ் அக்கரைக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து யசிந்தா ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. அடுப்படியில் நின்றால் வாசற்படலையைப் பார்ப்பாள். படலைக்கு வந்தால் கடலைப் பார்ப்பாள். கொழும்புத்துறையில் அந்த வருசம், தொண்ணூற்றிரண்டில், புருசனை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இப்படி நடந்து திரிந்த பெண்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய புருசன்மார் போனது பிளாஸ்ரிக் வள்ளங்களில். இவளுடைய புருசன் போனது இரும்பு வள்ளத்தில்.

ஒரு காலத்தில் மண்வாரிக் கப்பல் ஒன்றுக்கு எடுபிடி வேலை செய்த வள்ளம் அது. யாருக்கும் வேண்டாமல் சேற்றில் கிடந்ததைக் கனிசியஸ் இழுத்து வந்து, இயந்திரத்தை மண்ணெண்ணெய்க்குப் பழக்கி, நாற்பது பேர் இருக்கக்கூடிய படகாக்கினான். சண்டையில் தரைப்பாதை அடைபட்டுக் கிடந்த காலம். வவுனியாவுக்குப் போக வேண்டிய நோயாளி, கொழும்புக்குப் போக வேண்டிய மாப்பிள்ளை எல்லோரும் நிலவில்லாத இரவுகளில் அந்தக் கடல்நீரேரியைத்தான் கடக்க வேண்டும். ரோந்துப் படகுக்குப் பயப்படுவது எல்லோருக்கும் பொது. யசிந்தாவுக்கு அதற்கு மேலே இன்னொரு பயம்: வள்ளத்தின் பின்புறத் தகடு. அங்கேதான் தண்ணீரைத் தள்ளும் வெண்கல விசிறி இருந்தது. அதைச் சுற்றிய தகடு மட்டும் வருசத்துக்கு வருசம் மெலிந்துகொண்டு வந்தது. மேலே எத்தனை தரம் கறுப்புத் தாரான கீலைக் காய்ச்சிப் பூசினாலும் கீலுக்கு அடியில் துருக்கறள் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் தியாகலிங்கம். எல்லோருக்கும் தியாகர். வடக்குக் கரையில் ஒரு தொழிற்சாலையின் இறங்குதுறையில் பதினேழு வருசம் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். சண்டையில் தொழிற்சாலை மூடுண்டதும் சண்டிலிப்பாயில் தமக்கை வீட்டில் வந்து குந்திக்கொண்டார். தமக்கையின் புகையிலைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கை சும்மா இருக்காத மனிசன். இரும்பைக் கண்டால் சைக்கிள் பூட்டின் திறப்பால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்காமல் அப்பால் போகமாட்டார். கிணற்றுத் துலாவின் ஆணி, கோயில் கேற், பேருந்தின் மட்காட் ஒன்றும் தப்பாது. ஒருநாள் மீன் வாங்க வந்தவர் கரை ஏற்றியிருந்த வள்ளத்தையும் தட்டினார். முன்னுக்குத் தட்டியபோது தலையை ஆட்டினார். பின்னுக்கு வந்ததும் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இந்த இடம் அப்பளம் மாதிரி இருக்கிறதே, இதிலா ஆட்களை ஏற்றுகிறாய் என்று கனிசியசைக் கேட்டார்.

கனிசியசுக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் யசிந்தா விடவில்லை. என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டாள்.

“வெண்கலமும் இரும்பும் உப்புத் தண்ணிக்குள்ளை ஒண்டாய் நிண்டால், இரும்புதான் கரையும் தங்கச்சி. அந்த ரெண்டையும் விட இளகின சாமான் துத்தநாகம். அதிலை ஒரு துண்டை இரும்போடை சேத்துப் பூட்டிவிட்டால் கடல் அதைத் தின்னும். இரும்பைத் தொடாது. இறங்குதுறைத் தூணெல்லாத்தையும் நாங்கள் அப்பிடித்தான் காப்பாத்தினனாங்கள்.”

கரையில் நின்றவர்களுக்கு இது நல்ல பகிடியாய்ப் போயிற்று. வள்ளமும் விசிறியும் கடலும் சேர்ந்தால் அது ஒரு பெரிய பற்றறி என்று தியாகர் விளக்கப்போக, அப்படியானால் கனிசியசின் வள்ளத்தையும் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று ஒருவன் சொன்னான். பற்றறிக்கு அரசு தடை போட்டிருக்க, வானொலிக்குப் போட ஒரு சோடி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவை மிதித்துச் செய்தி கேட்ட காலம் அது. தியாகரும் சிரித்தார். ஆனால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார்.

துத்தநாகத்துக்கு எங்கே போவது? செத்த பற்றறிகளின் வெளிக்கோதுகளைச் சேர்த்தார். அது உள்ளங்கை நிரம்பவும் போதவில்லை. பிறகு பட்டணத்தில் ஷெல் விழுந்து கிடந்த ஓர் அச்சகத்தின் சொந்தக்காரரைக் கேட்டு, இடிபாட்டுக்குள்ளிருந்து படம் அச்சடிக்கிற புளொக்குகளைச் சாக்கில் அள்ளி வந்தார். எல்லாம் சுத்தமான துத்தநாகத் தகடுகள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மாலையும் கழுத்துமாக ஒரு மணமக்கள் சோடி, சவர்க்கார விளம்பரத்துப் பெண், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்காகச் செதுக்கிய பொன்னம்பலங்களும் சின்னத்தங்கங்களும். இரும்புச் சட்டியில் உருக்கினால் இரும்பு கலந்து துண்டு கரையாத சோம்பேறியாகிவிடும் என்று சொல்லி மண்சட்டிதான் வேண்டும் என்றார். யசிந்தா மீன்சட்டியைக் கழுவிக் கொடுத்தாள். சிரட்டைக் கரியும் துருத்தியுமாய் முற்றத்தில் ஒரு பகல் முழுக்க உருக்கி, ஈர மணலில் குழி தோண்டி வார்த்தார். மூன்று துண்டுகள் செங்கல் அளவில் வந்தன. நான்காவதற்குக் கொஞ்சம் போதவில்லை. அதுவும் விசிறிக்குப் பக்கத்தில் பூட்ட வேண்டிய துண்டு.

யசிந்தா உள்ளே போனாள். பெட்டிக்கு அடியில் சீலைத் துண்டொன்றில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் ஒரு புளொக். அதில் இருந்தது அவளுடைய தம்பி செபமாலையின் முகம்.

செபமாலை கடலில் போய் இரண்டு வருசம். வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. ஆள் இல்லாததால் கல்லறை இல்லை. ஒரு நினைவுப் படமாவது அச்சடிப்போம் என்று இருந்த ஒரேயொரு புகைப்படத்தை அதே அச்சகத்தில் கொடுத்தாள். புளொக் செய்தார்கள், அச்சடிக்கத் தாள் இல்லை. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்தது. தாள் வந்ததும் கொண்டுவாருங்கள் என்று புளொக்கை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். படம் அங்கே நின்றுவிட்டது. பிறகு ஷெல் விழுந்து, உள்ளே இருந்த புகைப்படத்தோடு அச்சகமே இல்லாமல் போயிற்று. ஆக, செபமாலையின் முகம் உலகத்தில் மிஞ்சியிருந்தது மரக்கட்டையில் அறைந்த அந்தத் தகட்டில் மட்டும்தான். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் தெரியும். இடப்பக்கம் எடுத்த உச்சி வகிடு வலப்பக்கம் இருக்கும்.

தியாகர் கையை நீட்டவில்லை. இது வேண்டாம், நாளைக்கு நான் வேறு தேடிக்கொண்டு வருகிறேன் என்றார். கனிசியசும் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. ஆணிகளைத் தானே கத்தியால் கிளப்பி, தகட்டைக் கழற்றினாள்.

“ஆளையே கடல் கொண்டு போட்டுது. தகட்டை வைச்சு நான் என்ன செய்ய? இவராவது திரும்பி வரட்டும்” என்று சொல்லி, சட்டிக்குள் போட்டாள்.

முகம் ஒரு கணம் மிதந்தது. பிறகு ஓரம் சுருண்டு உள்ளே போய்விட்டது.  

நான்கையும் அடிக்கட்டை இரும்பில் போல்ற் போட்டுப் பூட்டினார்கள். வள்ளம் முழுக்கக் கீல் பூசுங்கள், ஆனால் இந்த நான்கிலும் ஒரு சொட்டுக் கீல் படக்கூடாது, பட்டால் அது செத்த துண்டு என்று தியாகர் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். யசிந்தாவின் காதிலும் விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து வள்ளத்தைக் கரை ஏற்றினார்கள். அன்றைக்குத் தியாகரும் வந்திருந்தார். துண்டுகள் நான்கும் அம்மைத் தழும்பு விழுந்து, வெள்ளை மாப் பூத்துக் கிடந்தன. விசிறிக்குப் பக்கத்துத் துண்டு எட்டில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. அதைக் கண்ட தியாகருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

“பாத்தியே கனிசியஸ், என்ன வடிவாய்த் தின்னுது! தின்னட்டும், தின்னட்டும்” என்று கையைத் தேய்த்தார்.

பாவம், அவர் சொன்னது துத்தநாகத்தை. அவள் கேட்டது தம்பியை.  கடல் அவனை இரண்டாம் தரமும் தின்கிறது. தின்னக் கொடுத்தவளும் இரண்டாம் தரமும் அவளேதான். ஏனென்றால் ஊர் நினைப்பதுபோலச் செபமாலை அன்றைக்குத் தானாகப் போகவில்லை. கனிசியசுக்குக் காய்ச்சல், வலை கடலில் கிடந்தது. விடியப்புறம் தம்பியைத் தட்டி எழுப்பி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அத்தானுக்குப் பதிலாக நீ போய்விட்டு வா என்று அனுப்பியவள் அவள். ‘அத்தானிலை உயிர், அதுதான் கேட்காமலே போனவன்’ என்று செத்தவீட்டில் ஆட்கள் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. அன்று மறுக்காதது பிறகு எந்த நாளிலும் சொல்ல முடியாததாகிவிட்டது.

மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போனார்கள். கீல்வாளி அடுப்பில் சூடு ஆறாமல் இருந்தது, பூசுகிற மட்டையும் பக்கத்தில் கிடந்தது. உப்புத் தண்ணீருக்குப் போகிற எதையும் கீல் பூசாமல் அனுப்பக்கூடாது என்பது அந்தக் கரையில் பால்குடியோடு படிக்கிற பாடம். கீல்தான் காவல், அதற்கு மேல் சுறா எண்ணெய். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, அம்மணமாய்க் கிடந்த அந்தத் துண்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான்கில் ஒன்றுதானே, மற்ற மூன்றும் பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். வெள்ளை மாவைச் சுரண்டித் துடைத்து, இரண்டு பூச்சுப் பூசினாள். கறுப்பு வள்ளத்தில் கறுப்புத் துண்டு; ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று பின்னேரம் தியாகர் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளை மிதித்துவிட்டார். வள்ளம் தண்ணீரில் இறங்கியது.

கொஞ்ச நாள் அவளுக்கு மனம் ஆறுதலாக இருந்தது. பிறகு கனிசியஸ் அந்த ஆறுதலைக் கெடுத்தான். கெடுக்க வேண்டும் என்று அல்ல, பெருமையில். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். மற்ற மூன்றும் கரைந்துகொண்டு போக, இது மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. மச்சான் அசையாமல் காவல் நிற்கிறான் என்று கரையெல்லாம் சொல்லித் திரிந்தான். ஏறுகிற ஆட்களும் தொற்றிக்கொண்டார்கள். பின்பக்கம் போய், குனிந்து, அந்தத் துண்டு இருக்கிற இடத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுவிட்டு ஏறினார்கள். சைவக்காரரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க யசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொட்டுப் பட்டாலும் செத்த துண்டு என்று தியாகர் சொன்னது நினைவுக்கு வரும். சொல்லிவிடலாமா என்று வாய் எடுப்பாள். சொன்னால் ஏன் பூசினாய் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்லப் போனால் அந்த விடியப்புறத் தேத்தண்ணிவரை போக வேண்டும். வாயை மூடிக்கொள்வாள்.

இப்படி ஐந்து மாதம் போயிற்று.

அந்த மாதம் நிலவும் ரோந்தும் சேர்ந்து மூன்று கிழமை ஒருவரும் கடக்கவில்லை. இருட்டு வந்த முதல் நாள், பின்னேரம் மூன்று மணிக்கே நாற்பது பேரும் பூவரச மரங்களுக்குக் கீழே பயணப் பைகளோடு வந்து குந்திவிட்டார்கள். அவர்களில் கமலாவதி என்று ஒரு பெண். நிறைமாதம், அக்கரையில் இருக்கிற புருசனிடம் போகிறாள். யசிந்தா அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, தியாகர் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். சண்டிலிப்பாய்ச் சந்தையில் யாரோ தேயாத துண்டின் புதுமையைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட இடத்திலேயே மரக்கறிப் பையை விட்டுவிட்டு மிதித்து வந்த மனிசன் அவர்.

துண்டு தேயவில்லையா, உண்மையா என்று கேட்டார். கனிசியஸ் சிரித்துக்கொண்டு, ஓம், பூட்டின மாதிரியே இருக்கிறது என்றான்.

“விசிறிக்குக் கிட்டக் கிடக்கிறதுதான் முதலிலை கரையவேணும். அது கரையேல்லையெண்டால் வேறை ஏதோ கரையுது. வள்ளத்தைக் கரை ஏத்து.”

கனிசியஸ் மறுத்தான். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், ஐந்து இரவுதான் இருட்டு, அதில் ஒன்றை வீணாக்கச் சொல்கிறீர்களா என்றான். இறங்குதுறைத் தூண் வேறு, வள்ளம் வேறு என்றும் சொன்னான். தியாகர் குழம்பிவிட்டார். தான் வார்த்தது பிழைத்திருக்கலாம், போல்ற் தளர்ந்திருக்கலாம், எதையும் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். பிறகு, யாராவது அதில் கை வைத்தீர்களா என்று கேட்டார்.

“என்ரை வள்ளத்திலை என்னைக் கேளாமல் ஆர் கை வைக்கிறது?” என்றான் கனிசியஸ்.

மரத்தடியில் கமலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவது யசிந்தாவின் கண்ணில் பட்டது. ஏறுவதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலும்.

“நான் கீல் பூசினனான்” என்றாள் யசிந்தா.

 அவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். பின்னால் தியாகர், அவருக்குப் பின்னால் கனிசியஸ். நெஞ்சளவு தண்ணீரில் நின்று தியாகர் துண்டைத் தடவினார், நகத்தால் சுரண்டினார், நகத்தில் கீல் வந்தது.  கையை அப்பால் நகர்த்தி விசிறியைச் சுற்றித் தகட்டைத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. சைக்கிள் திறப்பை எடுத்து அந்த இடத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வரவில்லை. திறப்பு கழுத்துவரை உள்ளே போய்விட்டது.

வள்ளத்துக்குள்ளே தண்ணீர் கொப்பளிக்கிற ஓசையைக் கரையில் நின்றவர்களும் கேட்டார்கள். கனிசியஸ் விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் உதடு வெளுத்திருந்தது. நடு ஏரியில், இயந்திரத்தின் அதிர்வில், இருட்டில் இது உடைந்திருந்தால் நாற்பது பேரில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். சிலர் திட்டினார்கள், கமலாவதி அழுதாள்.

வள்ளத்தைக் கரை ஏற்றி, பழைய லொறி ஒன்றின் தகட்டை வெட்டி, ரியூப் ரப்பர் வைத்து, போல்ற் அடித்து ஒட்டுப்போட மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் கனிசியஸ் அவளோடு கதைக்கவில்லை. அவளும் நடந்துகொண்டே இருந்தாள். கிணற்றடி, படலை, கரை, திரும்பக் கிணற்றடி. இன்னும் இரண்டு இரவுதான் இருட்டு மிச்சம். கமலாவதி கரையிலேயே ஒரு வீட்டில் தங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் தியாகர் அந்தத் துண்டைக் கழற்றிக் கீலைச் சுத்தமாகச் சுரண்டினார். ஒரு பழஞ்சீலையில் துடைத்துக் கொண்டுவந்து யசிந்தாவின் கையில் கொடுத்தார். பாரமாக இருந்தது.

“இதை வீட்டுக்குக் கொண்டுபோ தங்கச்சி. நான் பிழை விட்டிட்டன். அண்டைக்கே இதைச் சட்டியிலை போட விட்டிருக்கக் கூடாது. ரெண்டு கிழமை தாருங்கோ, வேறை ஒண்டு வார்த்துக்கொண்டு வாறன்.”

“அதுவரைக்கும் நான் இது இல்லாமல் போவன்” என்றான் கனிசியஸ். மூன்று நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். “அவன் வீட்டிலை இருக்கட்டும்.”

அவளுக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“அவன் தானாய்ப் போகேல்லை” என்றாள். “நான்தான் எழுப்பினனான். உங்களுக்குப் பதிலாய்ப் போகச் சொல்லித் தேத்தண்ணி குடுத்து அனுப்பினனான். நித்திரை வருது அக்கா எண்டவன். நான் விடேல்லை.”

கனிசியஸ் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தியாகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போல்ற்றுகளை எண்ணத் தொடங்கினார்.

“எனக்குத் தெரியும்” என்றான் கனிசியஸ். “காய்ச்சலிலை கிடந்தனான். செவிடாய்க் கிடக்கேல்லை. எழும்பி, வேண்டாமடா, நாளைக்கு நான் போறன் எண்டு சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்.”

இரண்டு வருசத்துக்கு மேலாக ஒரே பாயில் படுத்து, ஒரே உண்மையை ஆளுக்கு ஆள் மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். அவன் ஏன் பிளாஸ்ரிக் வள்ளக்காரர் மறுத்த நோயாளிகளையெல்லாம் ஏற்றினான், ஏன் ஒரு இருட்டு இரவையும் விடமாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகைதான் வந்தது. அவனுக்கும் வந்தது.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு தியாகரிடம் கேட்டாள்.

“இது பூட்டினால் எவ்வளவு காலம் நிக்கும்?”

“இப்ப இருக்கிற பருமனுக்கு ஒரு வருசம் நிக்கும். பிறகு ஒண்டும் மிஞ்சாது.”

அவள் முழந்தாளிட்டு, துண்டை விசிறிக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் இரண்டு கையாலும் பொருத்திப் பிடித்தாள். கனிசியஸ் குறட்டோடு வந்து பக்கத்தில் குந்தினான்.

“அப்ப ஒரு வருசத்திலை நாங்களும் அழுது முடிப்பம்” என்றாள் யசிந்தா.

அவன் நட்டை இறுக்கத் தொடங்கினான்.